அப்டேட்: வீட்டு ஸ்டூடியோ செட்டப் ஒருவழியா முடிஞ்சுது

பாட்டும் மிருதங்கமும் வீட்லயே ரெக்கார்ட் பண்ண லேப்டாப்பா டெஸ்க்டாப்பான்னு போன மாசம் கேட்டிருந்தேனே, அதோட அப்டேட் இது.

டெஸ்க்டாப்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணேன், 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி. கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆகணும்னு நின்னாரு, ஆடியோவுக்கு அது எதுக்குண்ணேன்னு சொல்லிட்டு அந்த காசை ஸ்கார்லெட் 2ஐ2 ஆடியோ இன்டர்ஃபேஸ்ல (மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) போட்டுட்டேன். மிருதங்கத்தோட வலந்தலைக்கு (வலது பக்கம்) ஒரு மைக், தொப்பிக்கு (இடது பக்கம்) ஒண்ணு, ரெண்டு இன்புட் சரியா போச்சு. குரல் தனியாதான் எடுக்கறேன்.

மொத நாள் கண்டென்சர் மைக்ல சத்தமே வரல. ஒரு மணி நேரம் கேபிளை மாத்தி மாத்தி சொருகி, மைக்கே போச்சுன்னு முடிவு பண்ணி பெட்டில வைக்கப்போனா, இன்டர்ஃபேஸ்ல அந்த மைக்குக்கு கரண்ட் குடுக்கற 48 வோல்ட் பட்டனை அமுக்கவே இல்ல! சிரிக்காதீங்க.

அப்புறம் லேட்டன்சி, அதாவது சத்தம் லேட்டா வர்றது. பாடுறேன், ஹெட்போன்ல என் குரல் பின்னாடியே ஓடி வருது. பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேர்த்து அனுப்பற ஆடியோ சாம்பிள் எண்ணிக்கை) 1024ல கெடந்துச்சு, 48 கிலோஹெர்ட்ஸ்ல (செகண்டுக்கு 48,000 சாம்பிள்) அதுவே கிட்டத்தட்ட 21 மில்லிசெகண்ட், அதுவும் ஒரு வழிக்கு மட்டும். 128க்கு இறக்கினதும் 3க்குள்ள வந்துருச்சு. மிக்ஸிங் பண்றப்போ மறுபடி ஏத்திடணும், இல்லன்னா பிளகின் (எஃபெக்ட் சாஃப்ட்வேர்) போடப்போட டப்டப்புன்னு வெட்டும்.

அப்பவே குரலுக்கு டைனமிக் மைக் (சுத்தி இருக்கற சத்தத்தை அவ்வளவா இழுக்காத வகை) வாங்குடான்னு சொன்ன அண்ணனுக்கு ஒரு கும்பிடு, கண்டென்சர்ல பக்கத்து வீட்டு குக்கர் விசில் நாலும் சுத்தமா பதிவாகியிருக்கு. எஸ்எம்58ங்கற டைனமிக் மைக் வாங்கியாச்சு. ஃபேனைத்தான் இன்னும் நிறுத்தி நிறுத்தி பாடிட்டு இருக்கேன்.