உழுத வயலில் டிடெக்டர்: எண் நிலையில்லாமல் குதிக்கிறது, ஆணியாகவே வருகிறது

படைச்சால் எழுதியது:

வணக்கம். மெட்டல் டிடெக்டர் வாங்கி நாலு மாதம் ஆகிறது, மண்ணுக்குள் இருப்பது எந்த உலோகம் என்பதைத் திரையில் ஓர் எண்ணாகக் காட்டும், ஒரே அதிர்வெண்ணில் ஓடும் சாதாரண மாடல்தான். நிலத்துக்காரரிடம் கேட்டு, அவரும் சரி என்று சொன்ன பிறகு, புதிதாக உழுது போட்டிருந்த ஒரு வயலில் மூன்று நாள் நடந்தேன். ஒரு மூலையில் ஓட்டாஞ்சில்லும் செங்கல் துண்டும் நிறையக் கிடக்கின்றன, மண்ணும் அங்கே மட்டும் கறுத்திருக்கிறது, அதனால் முன்பு யாரோ குடியிருந்த இடம் என்று நினைக்கிறேன். கிடைத்ததெல்லாம் முப்பது நாற்பது ஆணி, உடைந்த கொழு ஒன்று, ஒரு லாடம். அந்த லாடம் வெள்ளிக்கு வருகிற மாதிரி உயர்ந்த எண் காட்டியது, அதை நம்பி முழங்கை ஆழம் தோண்டினேன்.

கடைசி நாள் மாலை ஒரு செப்புக் காசு வந்தது. பச்சைக் களிம்பு ஏறி, ஒரு பக்கம் ஏதோ உருவம் மேடாகத் தெரிந்தது. ஆர்வத்தில் கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்தேன். களிம்பு செதிலாகக் கழன்றது, உருவமும் அதோடு போய்விட்டது. இப்போது கையில் இருப்பது சொரசொரப்பான ஒரு சிவப்பு வட்டம்தான். அதிலிருந்து மனசே சரியில்லை.

எண் ஏன் இப்படிக் குதிக்கிறது, இரும்பைத் தோண்டாமலே கண்டுபிடிக்க வழி உண்டா, அடுத்த காசு கிடைத்தால் என்ன செய்ய வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்கட்டி எழுதியது:

நண்பரே, உழுத உடனே போனதுதான் முதல் சிக்கல். பெரிய பெரிய கட்டியாகப் புரண்டு கிடக்கும் மண்ணில் காயிலை, அதாவது டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தலையை, தரையோடு ஒட்டி ஓட்ட முடியாது, ஒரு கட்டியில் இடித்து அடுத்ததில் ஏறி, அரைச் சாண் உயரத்திலேயே ஆட்டிக்கொண்டிருப்போம். காசு மாதிரி சின்னப் பொருளுக்கு டிடெக்டர் எட்டும் ஆழமே ஒரு சாண் சுற்றித்தான், அதில் பாதி காற்றிலேயே போய்விடுகிறது. மண்ணுக்குள்ளும் கட்டிகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். பரம்படித்துச் சமன் செய்து, ஒரு நல்ல மழை பெய்து மண் அமர்ந்த பிறகு போங்கள், அதே வயல் வேறு வயலாகத் தெரியும். விதைத்துவிட்டார்கள் என்றால் அறுவடைவரை காத்திருங்கள். முளையை மிதித்தால் அடுத்த முறை அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

எண் குதிப்பதற்கு இன்னொரு காரணம் உரம். புதிதாக உரம் போட்ட ஈர மண்ணில் உப்பு அதிகம், அந்த உப்பும் மின்சாரம் கடத்தும். உணர்திறனை இரண்டு மூன்று படி குறையுங்கள். அப்புறம் உலோகம் இல்லாத ஓர் இடத்தில் காயிலை மேலும் கீழும் ஆட்டி, மண்ணுக்கு ஏற்ற சமநிலையைப் புதிதாக அமையுங்கள், வயலின் அடுத்த பக்கம் போனால் மறுபடியும் செய்யுங்கள்.

ஈயக்குண்டு எழுதியது:

லாட விஷயத்துக்கு வருகிறேன். டிடெக்டர் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, உலோகத்தில் அது சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது, அந்த மின்னோட்டத்தின் புலம் எவ்வளவு தாமதமாகத் திரும்புகிறது என்பதை வைத்துத்தான் எண் வருகிறது. அகலமாக, தட்டையாக, வளையம்போல் இருக்கும் இரும்பில் மின்னோட்டம் தாராளமாகச் சுற்றிவரும், அதனால் அது வெள்ளி செம்புக்குரிய எண்ணைக் காட்டி ஏமாற்றும். ஒரு வழி இருக்கிறது. சிக்னல் கிடைத்ததும் அதே இடத்தைச் சுற்றிக் கால்வட்டம் நகர்ந்து, குறுக்கே ஆட்டிப் பாருங்கள். காசு என்றால் இரண்டு திசையிலும் ஒரே சத்தம், ஒரே எண். ஆணி என்றால் ஒரு பக்கம் கணீரென்று வந்தது மறுபக்கம் கரகரவென்று உடையும், அல்லது நடுப்புள்ளி விலகிப்போகும். பிறகு காயிலை ஒரு முழம் மேலே தூக்குங்கள். அப்போதும் சத்தம் விடாமல் வந்தால் பெரிய பொருள், பெரும்பாலும் இரும்பு.

ஆனால் இரும்பு வேண்டாம் என்று குறைந்த எண்களை எல்லாம் அடைத்து வைத்துவிடாதீர்கள். மெல்லிய தங்கமும் அலுமினியத் தாளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் விழும். ஆணி நிறைந்த இடம் என்பதே மனிதர்கள் வாழ்ந்த இடம் என்பதற்கு அடையாளம், நான் அங்கே சின்னக் காயிலைப் போட்டு மெதுவாக, ஒரு வீச்சு அடுத்ததன் மேல் பாதி ஏறும்படி ஆட்டுவேன்.

ஓட்டாஞ்சில்லு எழுதியது:

தம்பி, காசு போனதற்கு வருந்துகிறீர்கள், புரிகிறது. செம்பு அரிக்கும்போது பல நேரம் பழைய மேற்பரப்பு அந்தக் களிம்பு அடுக்குக்குள்தான் தங்கியிருக்கும், அதனால் களிம்பை எடுத்தால் உருவமும் போகும். இனி எது வந்தாலும் தேய்க்க வேண்டாம், எலுமிச்சை, புளி, கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். மண்ணோடு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, உடனே அதன் மேல் எண் எழுதி, போனில் ஜி.பி.எஸ். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்புதான் பெரிது. 1876 இல் போர் நடந்த அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்னில், 1983 இல் புல்வெளி தீப்பிடித்து எரிந்தபின், தொல்லியலாளர்கள் டிடெக்டரோடு வரிசையாக நடந்து, கிடைத்த ஒவ்வொரு தோட்டாக் கூட்டின் இடத்தையும் குறித்தார்கள். கூட்டின் அடியில் துப்பாக்கி ஊசி பதித்த தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடிந்தது. அந்தக் கூடுகளை யாராவது முன்பே பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டிருந்தால் அவை வெறும் பித்தளை.

உழவு மண்ணில் பொருள் ஏற்கெனவே இடம்மாறித்தான் இருக்கும், கலப்பை அதை இழுத்துப்போகும், உடைக்கும், உரமும் அரிக்கும். அதனால் அந்த இருபது முப்பது சென்டிமீட்டருக்குள் இருப்பதை எடுத்துப் பதிவு செய்வதில் நன்மை உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களுக்காக 1997 இல் தொடங்கிய பதிவுத் திட்டத்தில் 15 இலட்சத்துக்கும் மேல் பொருள்கள் ஏறியிருக்கின்றன, பெரும்பாலானவை உழவு நிலத்தில் கிடைத்தவை. ஆனால் கொழு தொடாத கெட்டி மண் வந்ததும் நிறுத்த வேண்டும். 1992 இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னியில் எரிக் லாஸ் என்பவர் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலை டிடெக்டரோடு தேடப் போய், தங்கமும் வெள்ளியும் வரத் தொடங்கியதும் முழுவதையும் தோண்டாமல் தகவல் சொன்னார். சுமார் 15,000 ரோமானியக் காசுகள். தொல்லியலாளர்கள் வந்து எடுத்ததால்தான் மரப்பெட்டிக்குள் எது எதன் மேல் அடுக்கியிருந்தது என்பதுவரை தெரிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நிலத்துக்காரர் சரி என்றால் மட்டும் போதாது, சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸில் பழம்பொருள் தேடி டிடெக்டர் ஓட்டவே அரசு அனுமதி வேண்டும். அதை முதலில் விசாரியுங்கள். பழைய போர்க்களம் என்றால் கனமான, உருளையான இரும்பைத் தொடவே வேண்டாம், வெடிக்காத குண்டாக இருக்கலாம்.

மண்கட்டி எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். ஒரு முறை நடந்துவிட்டோம், வயல் முடிந்தது என்று விடாதீர்கள். 2009 இல் இங்கிலாந்தில் உழுத நிலத்தில் கிடைத்த ஸ்டாஃபோர்ட்ஷையர் புதையல் இருந்த அதே வயலை 2012 இல் மறுபடி உழுதபோது மேலும் எண்பதுக்கு மேல் துண்டுகள் வந்தன. ஒவ்வொரு உழவும் மண்ணைப் புரட்டிப் போடுகிறது.

படைச்சால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சட்டத்தை விசாரிக்கும்வரை டிடெக்டரை எடுக்கப்போவதில்லை. இன்று காலை வெறுங்கையோடு போய், அந்தக் கறுத்த மூலையில் ஓட்டாஞ்சில்லு எதுவரை பரவியிருக்கிறது என்று காலடி எண்ணி ஒரு தாளில் வரைந்தேன், கிழக்கு மேற்காக நாற்பத்திரண்டு அடி வைக்கிற தூரம் வருகிறது. காசு வந்த இடம் அதற்கு வெளியே, சரிவின் கீழ்ப்பக்கம். உழவு அதை அங்கே இழுத்துப் போயிருக்குமா? ஓட்டாஞ்சில்லு அண்ணா, வரைபடத்தை நாளை போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.