பெரிய கடல் ரீலுக்கு எந்த ராட் பொருந்தும்? கொஞ்சம் அவசரம்

கேத்திப்பள்ளத்தான்:
வணக்கம். மாமா மஸ்கட்டிலிருந்து வரும்போது கடலில் மீன் பிடிக்கிற பெரிய ஸ்பின்னிங் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கிற கருவி) ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். ராட், அதாவது தூண்டில் கம்பு, கிடையாது. என்னிடம் இருக்கிற ராடில் மாட்டிப் பார்த்தேன், சரிப்படவில்லை. எது வாங்கலாம்? அடுத்த வாரம் கிளம்புகிறோம். ஆறாயிரத்துக்குள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

ரீல்வைத்தியர்:
பெரியது என்றால் எவ்வளவு பெரியது? ஸ்பூலிலோ (நரம்பு சுற்றுகிற உருளை) உடம்பிலோ 6000, 8000, 10000 என்று ஏதாவது எண் இருக்கும். கம்பெனி பெயரும் வேண்டும். ஷிமானோ 8000 ஒரு அளவு, பழைய டைவாவில் 4500 என்று போட்டிருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு. வெறும் எண்ணை நம்ப முடியாது. அப்புறம், "சரிப்படவில்லை" என்றால் என்ன? உட்காரவில்லையா, உட்கார்ந்தும் நரம்பு ஓடவில்லையா?

குலசைக்கரை:
எங்கே கிளம்புகிறீர்கள் தம்பி? கரையிலிருந்தா, படகிலா? கால் அளவைச் சொல்லாமல் செருப்பு வாங்கி வா என்றால் எப்படி?

பழந்தூண்டில்:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய பதிவுகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. நான் இருபது வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ராடை முதலில் வாங்கு, ரீலைப் பிறகு வாங்கு. இங்கே எல்லாம் தலைகீழ். ஊட்டிப் பக்கம் கேத்தியில் இருப்பவருக்குக் கடல் ரீல் எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை. ஊட்டிக் கெண்டைக்கு 3000 ரீலே தாராளம்.

எமரால்டு எட்டடி:
ஐயா, மலையில் இருக்கிறவன் கடலுக்குப் போகக் கூடாதா? கீழே இருப்பவர்கள் எல்லாம் வருடம் முழுக்க இங்கே வருகிறார்களே, நாங்கள் ஏதாவது கேட்கிறோமா?

மூங்கில்முத்து:
எண்ணெல்லாம் எதற்கு? கண்ணாடி இழை ராட் ஒன்று வாங்குங்கள். ஃபைபர் கிளாஸ். என்னுடையது ஆட்டோ ஏறியும் உடையவில்லை. இந்தக் கார்பன் ராடெல்லாம் கதவிடுக்கில் மாட்டினால் அப்பளம்தான்.

கேத்திப்பள்ளத்தான்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ரீல் ஷிமானோ 8000. அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்தேன், 690 கிராம். என் ராட் ஆறரை அடி, மலை ஓடையில் ட்ராவுட் மீன் பிடிக்கிற ராட். ரீலின் காலை உள்ளே விட்டால் திருகு வளையம் பாதியில் நின்றுவிட்டது. டேப் சுற்றிக் கட்டி, ஈயக்குண்டு போட்டு, தேயிலைத் தோட்டத்து ரோட்டில் நின்று எறிந்தேன். நரம்பு பெரிய பெரிய சுருளாக வந்து ராடின் முதல் வளையத்தில் மோதி, குண்டு இருபது அடியில் விழுந்தது. அதற்குள் கை வலி. போகிற இடம் தனுஷ்கோடி, இல்லையென்றால் குலசை (குலசேகரன்பட்டினம்). கரையிலிருந்துதான்.

ரீல்வைத்தியர்:
இப்போது சொன்னீர்களே, இதுதான் விஷயம். நீங்கள் எறிந்து பார்த்ததிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

8000 ரீலின் ஸ்பூல் அகலம். நரம்பு அதே அகலத்துக்குச் சுழன்றுகொண்டு வெளியே வரும். அந்தச் சுழலைப் பிடித்து மெல்ல ஒடுக்கித் தருவதுதான் முதல் வளையத்தின் வேலை. ட்ராவுட் ராடில் அது உங்கள் மோதிர அளவுக்குத்தான் இருக்கும். அதனால்தான் அடிக்கிறது. கடையில் ராடைக் கையில் எடுத்தவுடன் அதைப் பாருங்கள். 30 மி.மீ.க்குக் குறைந்தால் வைத்துவிடுங்கள், 40 இருந்தால் நல்லது. வளையம் தண்டிலிருந்து உயரமாக நிற்க வேண்டும், ரெட்டைக் கால் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

அடுத்தது ரீல் சீட், ராடில் ரீல் உட்காருகிற இடம். ரீலைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். காலை உள்ளே விட்டு, திருகைக் கடைசி வரை முறுக்கி, ரீலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நூலளவு ஆடினாலும் வேண்டாம். கரையில் நின்று நூறு தடவை எறிவீர்கள், ஐம்பதாவது தடவையில் ரீல் கழன்று மணலில் விழும்.

மூன்றாவது, ராடின் அடித்தண்டில் உள்ள எழுத்து. லூர் (செயற்கை இரை) எடை, நரம்பு அளவு இரண்டும் அச்சிட்டிருக்கும். பி.ஈ. 3-5, லூர் 40-100 கிராம் என்று இருந்தால் உங்கள் ரீலுக்குச் சரி. பி.ஈ. என்பது ஜப்பான்காரர்கள் பின்னல் நரம்பின் தடிமனுக்குக் கொடுக்கிற எண். 1 என்றால் 0.165 மி.மீ., 4 என்றால் 0.33. பலத்தைச் சொல்லும் எண் அல்ல, தடிமனைச் சொல்லும் எண். பலம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ரீலில் என்ன நரம்பு சுற்றியிருக்கிறது?

குலசைக்கரை:
கரை என்றால் ஒன்பது அடிக்குக் குறையாதீர்கள். அலைக்கு மேல் நரம்பு நிற்க வேண்டும். ஏழடி ராடெல்லாம் படகுக்கு. ரெண்டு துண்டாகக் கழற்றுகிற மாதிரி வாங்குங்கள், ஒவ்வொன்றும் நாலரை அடி, பஸ்ஸில் சீட்டோரம் நிறுத்திவிடலாம். ஆண்டெனா போல உள்ளே இழுக்கிற ராடைத் தொடவே தொடாதீர்கள். தனுஷ்கோடி மணல் ஒருமுறை மூட்டுக்குள் போனால் அது நீளவும் செய்யாது, மடங்கவும் செய்யாது.

இன்னொன்று. படகுக்காரர் யாராவது தீவுப் பக்கம் கூட்டிப்போகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986லிருந்து கடல் தேசியப் பூங்கா. வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

மூங்கில்முத்து:
பார்த்தீர்களா, யாரும் கண்ணாடி இழையை மறுக்கவில்லை.

ரீல்வைத்தியர்:
மறுக்கிறேன். ஒன்பதடிக் கண்ணாடி இழை ராடும் 690 கிராம் ரீலும் சேர்ந்தால், காலை பத்து மணிக்கு அவர் தோள் கழன்றுவிடும். படகில் குண்டைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்க அது நல்லது. எறிந்துகொண்டே இருப்பதற்கு இல்லை.

குன்னூர் லைன்மேன்:
நான் மின்சார வேலை. கார்பன் ராட் வாங்கினால் ஒன்று நினைவிருக்கட்டும், அது கரண்டைக் கடத்தும். தோட்டத்து ரோட்டில் எறிந்து பார்த்தேன் என்கிறார். கேத்தியில் அந்த ரோட்டுக்கு மேலேயே கம்பி போகிறது. ஒன்பதடியைத் தூக்கி வீசினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இடி இடித்தாலும் கீழே போட்டுவிடுங்கள். மீன் நாளைக்கும் இருக்கும்.

பழந்தூண்டில்:
எல்லாரும் ராடைப் பற்றியே பேசுகிறீர்கள். ரீலில் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கிற பிரேக், எத்தனை கிலோ என்று யாரும் கேட்கவில்லை. அதை முழுக்க முறுக்கிவைத்துக்கொண்டு ராட் உடைந்தது என்று அடுத்த பதிவு தொடங்குவார். நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் டிராக். 40 பவுண்டு நரம்பு என்றால் ஆறு கிலோ. தராசில் கட்டி இழுத்துப் பார்க்கவும். மீன் காலடிக்கு வந்ததும் ராடை வானத்தைப் பார்க்க நிமிர்த்தினால், எந்த விலை ராடும் நுனியில் போகும். இதெல்லாம் அடிப்படை.

எமரால்டு எட்டடி:
ஐயா இப்போது சொன்னது நல்ல விஷயம். முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் "ஊட்டிக் கெண்டை" என்றீர்களே, அது என்னவோ நம் ஊர் மீன் மாதிரி. 1939ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டது அது.

பழந்தூண்டில்:
தெரியும் தம்பி. ட்ராவுட் மட்டும் உங்கள் பாட்டன் சொத்தா? அதுவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். 1863ல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே முயன்றார்.

எமரால்டு எட்டடி:
முயன்றார், தோற்றார். அதைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். பிறகு மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் வந்து, 1907ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்த பிறகுதான் வானவில் ட்ராவுட் நிலைத்தது. நான் எப்போது என் சொத்து என்றேன்? துறை அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் தூண்டில் போடுகிறேன்.

பழந்தூண்டில்:
சீட்டு வாங்குவதையும் சாதனை என்று எழுதுகிற காலம்.

மூங்கில்முத்து:
வில்சன் காலத்தில் பிளந்த மூங்கில் ராட்தான். இன்றைக்கும் அதற்கு ஈடு கிடையாது.

குலசைக்கரை:
பையன் ராட் கேட்டார் ஐயா. வில்சனைக் கேட்கவில்லை.

ரீல்வைத்தியர்:
தம்பி, நரம்பு என்ன என்று இன்னும் சொல்லவில்லை. பின்னல் நரம்பு என்றால் அடியில் கொஞ்சம் சாதா நரம்பு சுற்றிவிட்டு, அதன் மேல் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பூலோடு மொத்தமும் வழுக்கும். டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீலைப் பிரித்துப்போடுவீர்கள். வாரம் ஒன்று எனக்கு அப்படித்தான் வருகிறது. நுனியில் ரெண்டு மூன்று முழம் தடித்த நரம்பு லீடராகக் கட்டுங்கள், ஊளி (பாரகூடா) மீனின் பல் பின்னலைப் பிளேடு மாதிரி அறுத்துவிடும்.

கேத்திப்பள்ளத்தான்? இருக்கிறீர்களா?

குன்னூர் லைன்மேன்:
மேலே மழை. நெட் இருக்காது.

(பதினோரு நாள் கழித்து)

கேத்திப்பள்ளத்தான்:
எல்லாருக்கும் நன்றி. ரீலை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் மூன்று கடை ஏறினேன். முதல் கடையில் கொடுத்த ராடில் கால் உட்காரவில்லை, "கொஞ்சம் பேப்பர் வைத்துக்கொள்ளுங்கள் சார்" என்றார்கள், வந்துவிட்டேன். மூன்றாவது கடையில் ஒன்பதடி, ரெண்டு துண்டு, முதல் வளையம் 40, லூர் 40-100. ஏழாயிரத்து இருநூறு. பட்ஜெட் போச்சு. நரம்பு 40 பவுண்டு பின்னல், அடியில் எதுவும் சுற்றவில்லை, இதை அங்கே போன பிறகுதான் படித்தேன். வழுக்கியது. இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டி, திரும்பச் சுற்றினேன். எறிந்தால் நரம்பு சத்தமே இல்லாமல் போகிறது. குலசையில் ரெண்டு நாள். ஒரு சின்னப் பாறை மீன் கிடைத்தது, முழங்கை நீளம்கூட இல்லை, விட்டுவிட்டோம்.

குலசைக்கரை:
குலசை வந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே தம்பி. எந்தப் பக்கம் நின்றீர்கள்? தண்ணீர் ஏற்றமா, வற்றமா?

பழந்தூண்டில்:
லூர் என்ன, எத்தனை கிராம் என்று எழுதவும். அடுத்து வருபவருக்குப் பயன்படும்.

ரீல்வைத்தியர்:
வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவினீர்களா? குழாயைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது, மேலாக ஊற்றித் துடைக்க வேண்டும். டிராக் திருகை இறுக்கிவிட்டுக் கழுவி, காய்ந்த பிறகு தளர்த்தி வையுங்கள்.

மூங்கில்முத்து:
ஏழாயிரத்து இருநூறா? அந்தக் காசுக்கு நாலு கண்ணாடி இழை வாங்கியிருக்கலாம்.