ஃபெர்ரி பில்டிங் போனவங்க யாராவது? மனசுல நிக்கிற கதைய சொல்லுங்க (சான் பிரான்சிஸ்கோ படகுத்துறைக் கட்டடம்)

மிளகாய்ப்பொடி

போன வருஷம் நடந்தது, இன்னும் குத்திக்கிட்டே இருக்கு, அதான் இங்க கொட்டிடலாம்னு. அப்பா அம்மா வந்திருந்தாங்க, சனிக்கிழமை, சந்தை நாள், கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். உள்ள ரொட்டிக் கடை சீஸ் கடையெல்லாம் சுத்திட்டு வளைகுடாவுக்கு அக்கரையில இருக்கற சாசலிட்டோவுக்குப் படகைப் பிடிக்க பின்பக்கம் வந்தோம். அங்க காந்தி சிலை இருக்கும்ல, கைத்தடியோட நடக்கற மாதிரி, 1988ல வச்சது. நான் போன்ல டிக்கெட்ட தேடிக்கிட்டு இருந்தேன், திரும்பிப் பாத்தா அப்பா ஷூவைக் கழட்டி ஓரமா வச்சிட்டு ஈரத் தரையில சாக்ஸோட நிக்கறாரு. சும்மா நிக்கறாரு, கும்பிடக்கூட இல்ல.

நான் என்ன செஞ்சேன்? "அப்பா, படகு போயிடும், சீக்கிரம் வாங்க"ன்னு கத்தினேன். வரிசையில நின்ன அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. மனுஷன் ஒரு வார்த்தை பேசல, ஷூவை கையில தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு, 72 வயசு. அல்காட்ராஸ் பழைய ஜெயில் தீவு பக்கத்துல போகுது, கோல்டன் கேட் பாலம் தெரியுது, அம்மா படமா எடுத்துத் தள்றாங்க, இவர் மட்டும் குனிஞ்சு சாக்ஸைப் பிழிஞ்சுக்கிட்டே இருந்தாரு. அடுத்த படகுல போயிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்.

வழிதவறிய ஒட்டகம்

உங்களுது ஃபீலிங்கு, நம்மளுது கேவலம். அல்காட்ராஸ் டிக்கெட் எடுத்திருந்தோம், படகுன்னா ஃபெர்ரி பில்டிங்தானேன்னு நேரா அங்க போய் நின்னுட்டோம், ஆறு பேரு, மாமனார் உட்பட. டிக்கெட்ட நல்லா பாத்தாத்தான் பியர் 33ன்னு, அதாவது 33ஆம் நம்பர் படகுத்துறைன்னு போட்டிருக்கு. சரி கரையோரமா நடந்தா வந்துரும்னு ஓக்லண்டுக்குப் போற பே பிரிட்ஜ் இருக்கற பக்கமா விறுவிறுன்னு நடக்க ஆரம்பிச்சோம். பியர் 14 வந்துச்சு. "பாருங்க மாமா, நம்பர் ஏறுது"ன்னு நானே சொன்னேன். அப்புறம் கொஞ்ச தூரத்துல 22½, சத்தியமா, இருபத்திரண்டரைதான், தீயணைப்புப் படகு நிக்கற எடம். அப்புறம் 24, 26. இன்னும் ஏழுதான்னு கணக்குப் போட்டுக்கிட்டே பே பிரிட்ஜுக்கு அடியில வந்து நிக்கறோம், அப்பதான் என் மச்சினன் பையன், எட்டு வயசு, கேக்கறான்: "மாமா, ஏன் எல்லாமே இரட்டைப்படையா இருக்கு?"

அவ்ளோதான். ஃபெர்ரி பில்டிங்குக்கு தெக்க பூரா இரட்டைப்படை, வடக்க பூரா ஒத்தப்படை. நாங்க எத்தனை மைல் நடந்தாலும் 33 வராது. படகு போச்சு, டிக்கெட் காசு போச்சு. மாமனார் இன்னிக்கும் கடையில எதையாவது எண்ணிக் குடுத்தா "இரட்டைப்படையா ஒத்தப்படையா மாப்ள"ன்னு கேக்கறாரு.

ஆனா கட்டடம் சூப்பர்தான், 1906 நிலநடுக்கத்துல இடிஞ்சு திரும்பக் கட்டினதாம்ல.

ரிட்டயர்டு கம்பளி

ஒட்டகம் தம்பி, இடியவே இல்லப்பா. திறந்தது 1898ல. 1906ல ஊரே எரிஞ்சப்போ தீயணைப்புப் படகுங்க வளைகுடாத் தண்ணியையே உறிஞ்சு அடிச்சு அதைக் காப்பாத்தினாங்க, வீடு இழந்த ஜனங்க அங்கிருந்துதான் படகேறி ஓக்லண்ட் பக்கம் தப்பிச்சாங்க. கோபுரம் 245 அடி, ஸ்பெயின்ல செவில்ல இருக்கற கிரால்டா கோபுரத்தைப் பாத்துப் போட்டது. வரைஞ்ச மனுஷன் ஏ. பேஜ் பிரவுன், அவர் 1896லயே போயிட்டாரு, திறந்ததைப் பாக்க குடுத்து வைக்கல.

நான் 1989ல ஓக்லண்ட்ல குடியிருந்தேன், வேலை மார்க்கெட் ஸ்ட்ரீட்ல. இப்ப வர்றவங்களுக்குத் தெரியாது, அப்போ அந்தக் கட்டடத்துக்கு முன்னாடி ரெண்டடுக்கு ஃப்ரீவே ஒண்ணு சுவரு மாதிரி மறைச்சுக்கிட்டு போகும், கோபுரம் மட்டும் மேல எட்டிப் பாக்கும். அக்டோபர் 17 சாயங்காலம் நிலநடுக்கம், பே பிரிட்ஜ்ல ஒரு துண்டு விழுந்து ஒரு மாசம் மூடிட்டாங்க. பார்ட் ரயில் ஓடுச்சு ஆனா மூச்சு விட இடம் கிடையாது, அதனால படகுல போனேன், வாழ்க்கையில முத தடவை. கரை நெருங்கறப்போ படகுல சலசலன்னு இருந்த பேச்சு மொத்தமா நின்னு போச்சு. எல்லாரும் மேல பாக்கறாங்க. மணி காலையில எட்டோ என்னமோ, கோபுரக் கடிகாரம் மட்டும் 5:04லயே நிக்குது. என் பக்கத்துல ஒரு அம்மா தன் கைக்கடிகாரத்தை ஒரு தடவை பாத்துக்கிட்டாங்க, எதுக்குன்னு எனக்கு இன்னும் விளங்கல. நானும் பாத்துக்கிட்டேன்.

அந்த ஃப்ரீவேயை 1991ல இடிச்சாங்க. மொத்த ஊருக்கும் அந்த நிலநடுக்கம் செஞ்ச ஒரே நல்ல காரியம் அதான்னு நான் சொன்னா வீட்ல திட்டுவாங்க.

சும்மா கேட்டேன்

மிளகாய்ப்பொடி ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க, காந்தி சிலைக்கு எதுக்கு ஷூ கழட்டணும், அது என்ன கோயிலா? அந்தக் குளிர்ல காய்ச்சல் வந்தா யாரு பாக்கறது. நீங்க கத்தினது சரிதான்.

வழிதவறிய ஒட்டகம்

@சும்மா கேட்டேன் அவரு அதுக்கா வருத்தப்படறாரு, படிச்சீங்களா இல்லையா. @கம்பளி சார் சரி சார், கைடு மாதிரி ஒருத்தன் சொன்னான் சார், நம்பிட்டேன்.

டப்ளின் மாமி

நான் போனப்போ ஒரு கடையில பீச் பழம் ஒரு துண்டு சாம்பிள் குடுத்தா, அந்த ருசி இன்னும் நாக்குல நிக்கறது, பேரைக் கேக்காம வந்துட்டேன், அடுத்த வாரம் போனா அந்தப் பழம் சீசன் முடிஞ்சுடுத்து. அவ்ளோதான் என் கதை.

ஆனா இதெல்லாம் படிச்சதும் சொல்லணும்னு தோணித்து. முதல்ல, கார் எடுத்துண்டு போகாதீங்கோ, பார்க்கிங் கொள்ளை, பார்ட்ல எம்பார்கடேரோ ஸ்டேஷன்ல இறங்கினா ரோட்டைத் தாண்டினா வந்துடும். பெரியவா கூட வந்தா பஸ், ரயில் டிக்கெட்டுக்கான கிளிப்பர் கார்டு சீனியருக்கு தனியா வாங்கி வச்சுடுங்கோ, படகுலயும் செல்லும், டிக்கெட் கம்மி. சந்தை செவ்வாய் வியாழன் சனி, சனிக்கிழமைதான் பெருசு, பெரியவாளோட போறவா செவ்வாய்க்கிழமை போங்கோ, இடிபட வேண்டாம். ஜூலை மாசம்னு நம்பி பருத்திப் புடவையோட போகாதீங்கோ, எங்க நாத்தனார் அப்படித்தான் நடுங்கிண்டு நின்னா. எல்லாரும் கீழயே சுத்திட்டு வந்துடறா, மாடிக்கு விட்டான்னா கட்டாயம் போய்ப் பாருங்கோ, அந்தக் காலத்துல பயணிகள் நடந்தது மாடியிலதான், கீழ பூரா மூட்டை முடிச்சு. தரையில கலிஃபோர்னியா முத்திரை மொசைக்ல போட்டிருக்கா, நீள ஹால் 660 அடி, மேல கண்ணாடி வழியா வெளிச்சம் கொட்டும். பிரிட்ஜெல்லாம் வர்றதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு 50,000 பேர் வரைக்கும் இதுல போய் வந்தாளாம், 1936ல பே பிரிட்ஜ், மறு வருஷமே கோல்டன் கேட், அப்புறம் யாரு படகு ஏறப் போறா, ஆபீஸா தடுத்துத் தடுத்து பாழ் பண்ணி வச்சிருந்தா. 2003லதான் இந்த மார்க்கெட்டா மாத்தித் திறந்தா. அப்புறம் அரை மணிக்கு ஒரு தரம் கோபுரத்துல மணி அடிக்கும், தூங்கற குழந்தையை அதுக்கு நேர் கீழ வச்சுண்டு உக்காராதீங்கோ. ஒட்டகம், உங்களுக்கு: வடக்க போற பழைய ஸ்ட்ரீட்கார், எஃப் லைன், அதுல ஏறியிருந்தா 33 பக்கத்துலயே இறக்கி விட்டிருப்பான்.

சும்மா கேட்டேன்

மாமி, கதை மூணு வரி, அட்வைஸ் முப்பது வரி 😄

பாதி சைவம்

யாரும் சிப்பி பத்தி பேசல. ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் கூட்டிட்டுப் போய் தட்டு நெறைய ஐஸ் மேல வச்சு, டொமாலஸ் வளைகுடாவுல வளக்கறதுன்னு சொல்லி, ஒண்ணை என் கையில குடுத்துட்டாங்க. பச்சையா. உயிரோட. எலுமிச்சை பிழிஞ்சப்போ ஓரம் லேசா சுருங்குன மாதிரி இருந்துச்சு, அந்த நேரம் பாத்து அம்மா வீடியோ கால். ஒரு கையில சிப்பி, ஒரு கையில போன். "என்னடி சாப்பிடற"ன்னாங்க. "இளநீ"ன்னு சொல்லிட்டு முழுங்கிட்டேன். கடலையே ஒரு வாய் குடிச்ச மாதிரி இருந்துச்சு, நல்லா இருந்துச்சா இல்லையான்னு யோசிக்கறதுக்குள்ள போயிருச்சு. இளநீ அவ்ளோ குட்டியாவா இருக்கும்னு அம்மா இன்னும் கேக்கல.

மிளகாய்ப்பொடி

எல்லாருக்கும் நன்றி. கம்பளி சார் எழுதினதைப் படிச்சதும் என்னமோ தோணி நேத்து ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு மன்னிப்பு கேட்டேன். அவருக்கு முதல்ல எதைச் சொல்றேன்னே புரியல. சிலை, ஷூ, படகுன்னு எடுத்துச் சொன்னதும் சிரிக்கறாரு. "காந்தியாவது ஒண்ணாவது, நீ வாங்கிக் குடுத்த புது ஷூ குதிகால்ல கடிச்சுது, உன்கிட்ட சொன்னா வருத்தப்படுவேன்னுதான் சும்மா நின்னேன்"ங்கறாரு.

பின்னாடி அம்மா குரல் கேக்குது, "பொய் சொல்றாருடா, அந்த ஷூவைத்தான் டெய்லி வாக்கிங்குக்குப் போட்டுட்டுப் போறாரு"ன்னு. டக்குனு பேச்சை மாத்தி அங்க மழையான்னு கேட்டாரு.