டே கேரில் கடிக்கிறான், வீட்டில் அடிக்கிறான்: 2 வயசு 9 மாசப் பையனை என்ன செய்யறது?

கேட்டவர்: ஷிப்மென்ட்அம்மா (திருப்பூர்)

நேத்து சாயங்காலம் பையனைக் கூட்டிட்டு வரப் போனப்ப, டே கேர் மேடம் என்னைத் தனியா உள்ளே கூப்பிட்டு உட்கார வெச்சாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. சேர்த்து மூணு மாசம் ஆகுது, இது அஞ்சாவது கடி. இந்தத் தடவை ஒரு பாப்பாவோட கன்னத்துல. பல் அச்சு வட்டமா பதிஞ்சிருக்கற போட்டோவை அவங்கம்மா பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்லயே போட்டுட்டாங்க. கீழே எட்டுப் பேர் "யாரோட குழந்தை?"ன்னு கேட்டிருக்காங்க. யாரும் பேர் சொல்லலை, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

"இந்த மாசம் பார்க்கறோம், இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கங்க"ன்னு மேடம் சொல்லிட்டாங்க.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். ஷிப்மென்ட் நேரத்துல டே கேருக்குப் போய்ச் சேர ஏழு மணி ஆயிரும். முன்னாடி மாமியார்தான் பார்த்துக்கிட்டாங்க. இப்ப அவங்களுக்கு முட்டி வலி, இவன் பின்னாடி ஓட முடியலை. வீட்டுல கையில இருந்து போனை வாங்கினா என் மூஞ்சியிலயே அடிக்கறான். ராத்திரி தூங்க பதினொன்றரை ஆகுது. "நீயும் திருப்பி ஒரு கடி கடி, அப்பத்தான் வலி தெரியும்"னு மாமியார் சொல்றாங்க. ஒருநாள் அதையும் செஞ்சுட்டேன், மறைக்கலை. என்னையே பார்த்துப் பார்த்து அழுதான். மறுநாளே டே கேர்ல மறுபடி கடிச்சான்.

பேச்சும் கம்மி. "தா", "வேணா", "பஸ்சு"ன்னு ஒரு நாப்பது வார்த்தை இருக்கும். ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேச மாட்டான். இவனுக்கு ஏதாவது குறையா, இல்ல நான் வேலைக்குப் போறதுதான் குறையா?

பதில் 1: கரூர்க்காரன்

இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா? முதுகுல ரெண்டு வெச்சா சரியாப் போயிரும். நாங்க எல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்.

பதில் 2: பால்வாடி டீச்சர்

மேலே சொன்ன தம்பிக்குக் கடைசியில வர்றேன்.

கண்ணு, கோபி பக்கம் அங்கன்வாடியில 28 வருஷம் இருந்துட்டு ஓய்வானவ நான். கடிக்கற குழந்தை இல்லாத வருஷம்னு ஒண்ணு எனக்கு ஞாபகமே இல்லை. மூணு வயசுக்குள்ள இது சர்வசாதாரணம். நீ இவ்வளவு எழுதியிருக்கே, ஆனா முக்கியமானதை எழுதலை. அந்த அஞ்சு கடியும் எத்தனை மணிக்கு? எந்த இடத்துல?

ஏன் கேக்கறேன்னா, எங்க மையத்துல ஒரு பையன் தினம் ஒருத்தரைக் கடிப்பான். முரட்டுப் பையன்னு நானும் முடிவு பண்ணிட்டேன். எங்க ஆயாம்மாதான் ஒருநாள் "டீச்சர், இவன் சோத்துக்கு முன்னாடிதான் கடிக்கறான்"னு சொன்னாங்க. போய் நின்னு பார்த்தேன். ஒரே குழாய், ஒரே டம்ளர், கை கழுவ இருபது பிள்ளைங்க வரிசை. சுவத்துக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கற இடம்தான். பின்னாடி இருக்கறது தள்ளும், இவன் சுவத்துல முட்டுவான், திரும்பி எது வாய்க்கு எட்டுதோ அதைக் கடிப்பான். பேச்சு இருந்தா "தள்ளாதே"ன்னு சொல்லியிருப்பான். மறுநாள்ல இருந்து அந்த நேரத்துக்குத் தட்டு எடுத்து வைக்கற வேலையை அவனுக்குக் கொடுத்தோம். வரிசையிலயே நிக்க மாட்டான், எல்லாரும் கழுவின பிறகு ஆயாம்மா கூடப் போய்க் கழுவுவான். அதுக்கப்புறமும் ரெண்டு தடவை கடிச்சான், இல்லேன்னு சொல்லலை. ஆனா தினம் கடிச்சவன்.

அதனால ஒரு 40 பக்க நோட்டு வாங்கு. கடிக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்தது, அவன் என்ன செஞ்சான், செஞ்சதும் அவனுக்கு என்ன கிடைச்சதுன்னு எழுது. டே கேர்லயும் எழுதித் தரச் சொல்லு. சண்டை போடற மாதிரி கேக்காதே, "நானும் எழுதறேன், சேர்த்துப் பார்க்கலாம்"னு சொல்லு. அவனை மூலையில உட்கார வைக்க வேண்டாம், அந்த நேரத்துல மட்டும் ஒரு பெரியவங்க பக்கத்துல நின்னாப் போதும்னு கேளு.

கடிச்ச உடனே முதல்ல கடிபட்ட குழந்தைகிட்டப் போகணும். சோப்பு போட்டுக் கழுவி, ஈரத்துணி வைக்கணும். இவன்கிட்ட "கடிக்கக் கூடாது, வலிக்கும்", அவ்வளவுதான். நாலு பேர் சுத்தி நின்னு சத்தம் போட்டா அதுவே அவனுக்கு ஒரு திருவிழா.

"வேணா"ன்னு சொல்லத் தெரியும்னு எழுதியிருக்கியே, அது போதும். கையை முன்னாடி நீட்டி "வேணா"ன்னு சொல்லப் பழக்கு. கோவத்துல இருக்கறப்ப இல்ல, விளையாட்டா. பாட்டி சும்மா கிட்ட வரணும், அவன் கையை நீட்டணும், பாட்டி உடனே பின்னாடி போகணும். சொன்னா நடக்குதுன்னு தெரியணும். டே கேர்லயும் அதே சொல், அதே கை.

போன் விஷயத்துல உன் நோட்டுல மூணாவதா எழுதறதைப் பாரு. அடிச்சதும் போன் திரும்பி வருதா? வந்தா அவன் கெட்டிக்காரன், வழி கண்டுபிடிச்சிருக்கான். "இந்தப் பாட்டு முடிஞ்சா போன் தூங்கப் போயிரும்"னு முன்கூட்டியே சொல்லி, முடிஞ்சதும் கண்ணுக்கு எட்டாம வெச்சுரு. முதல் வாரம் இன்னும் மோசமாத்தான் ஆகும். சுவிட்சைத் தட்டி லைட் எரியலேன்னா விட்டுட்டா போறோம்? இன்னும் நாலு தட்டு தட்டத்தானே செய்யறோம்? அந்த வாரத்துல மனசு இளகி ஒரு தடவை கொடுத்தீங்கன்னா, இவ்வளவு நேரம் கத்தினாக் கிடைக்கும்னு கத்துக்குவான்.

ராத்திரி பதினொன்றரைக்குத் தூங்கறது பெரிய குத்தம். இந்த வயசுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11ல இருந்து 14 மணி நேரம் வேணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

இப்பத் தம்பிக்கு. எங்க மையத்துக்கு வருஷத்துல ரெண்டு தடவை டாக்டர் குழு பார்க்க வரும். வீட்டுல "ஊசி போட்டுருவாங்க"ன்னு மிரட்டி வளர்த்த பிள்ளைங்க ஜீப் சத்தம் கேட்டாலே மேஜைக்கு அடியில போயிரும். வாயைத் திறந்து பல்லைக் காட்டச் சொன்னதுக்கு ஒண்ணு டாக்டர் விரலையே கடிச்சுருச்சு. அடிச்சு வளர்த்தாலும் அதே கதைதான். அடிக்கற கை இல்லாத இடம் பார்த்துக் கடிக்கும்.

பதில் 3: கோவை அப்பா

டீச்சரம்மா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. காதைப் பாருங்க. என் பொண்ணு மூணு வயசுல சாமானை எல்லாம் தூக்கி எறிவா, கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. திமிர்னு நினைச்சோம். பின்னாடி நின்னு மெதுவா "ஐஸ்கிரீம்"னு சொன்னேன், திரும்பலை. அன்னிக்கே பயம் வந்துருச்சு. சளி மாறி மாறி வந்ததுல செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கட்டியிருந்தது. டிம்பனோமெட்ரின்னு ஒரு டெஸ்ட், வலியே இல்லை, ரெண்டு நிமிஷம்தான். மூணு மாசம் பார்த்தாங்க, ஒரு காது தானே சரியாச்சு, இன்னொண்ணுக்குச் சின்னக் குழாய் வெச்சாங்க.

உங்க பையன் வயசுக்கு ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசியிருக்கணும். இதைத் தள்ளிப் போடாதீங்க. அரசு மருத்துவமனையில குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துல காது, பேச்சு, நடத்தை எல்லாம் இலவசமாப் பார்ப்பாங்க. காலையிலயே போயிருங்க, கூட்டம் இருக்கும்.

ஷிப்மென்ட்அம்மா (16 நாள் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றி. டே கேர்ல பழைய கடிகளையும் ஞாபகப்படுத்தி எழுதினாங்க. மூணு, பகல் பன்னெண்டு மணி வாக்குல, பை மாட்டற சந்துல. ரெண்டு, அஞ்சரைக்கு மேல. சந்துப் பிரச்சினை தீர்ந்துருச்சு, இப்ப ஸ்பூன் டப்பா தூக்கறது இவன் வேலை. அந்தப் பாப்பாவோட அம்மாகிட்ட நேர்லயே போய்ப் பேசினேன். முதல்ல முகம் கொடுக்கலை, அப்புறம் உட்காரச் சொன்னாங்க.

போன் நிறுத்தின நாலு நாள் நரகம். மூணாம் நாள் மாமியாரே போனை அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு, எங்கே வெச்சோம்னு மறந்துட்டாங்க. இப்போ பத்து மணிக்கே தூங்கிடறான். காது நல்லா இருக்கு, பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருநாள் வரச் சொல்லியிருக்காங்க.

ஆனா அஞ்சரை மணிக் கடி இன்னும் இருக்கு. போன வியாழன் ஒரு தடவை. என்னால ஆறரைக்கு முன்னாடி வர முடியாது.

பால்வாடி டீச்சர்

பன்னெண்டரைக்குச் சாப்பிட்டவனுக்கு நாலு மணிக்கு என்ன கொடுக்கறாங்க? ரெண்டு பிஸ்கட்டா? அவிச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கோ, ஒரு வாழைப்பழமோ டப்பாவுல போட்டுக் கொடுத்து விட்டு, அஞ்சு மணிக்குக் கொடுக்கச் சொல்லு. அப்புறம், அந்த நேரத்துல பிள்ளைங்களை எங்கே உட்கார வைக்கறாங்கன்னு பாரு. கேட்டைப் பார்த்த மாதிரியா? ஒவ்வொரு தடவை கேட் திறக்கறப்பவும் உன்னைத் தேடி, இன்னொருத்தர் அம்மா உள்ளே வர்றதைப் பார்த்துக்கிட்டு இருப்பான். உள் ரூமுக்கு மாத்தச் சொல்லு. அரிசி டிரம் நல்ல யோசனைன்னு மாமியார்கிட்டச் சொல்லிரு.