17 ஓ.எச்.பி. ஹார்மோன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறிய அனுபவம் யாருக்காவது உண்டா?

உப்புமூட்டை:
பாப்பாவுக்கு ஆறு வயது, உப்பு இழக்கும் வகை சி.ஏ.எச். (அட்ரீனல் சுரப்பியில் கார்டிசோல் போதுமான அளவு சுரக்காத பிறவிக் கோளாறு). மே மாதம் ரத்தம் எடுக்கும்போது மணி பதினொன்று. காலை மாத்திரை போட்டுத்தான் கூட்டிப்போனேன். மாத்திரை போதாவிட்டால் ஏறும் அந்த 17 ஓ.எச்.பி. 4 என்று வந்தது, வீட்டில் கேசரி கிண்டினேன். ஆகஸ்டில் ஏழு மணிக்கே போய், மாத்திரைக்கு முன்னால் எடுத்தோம். அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது போனில் ரிப்போர்ட் வந்தது: 62. சடையைப் பிடித்தபடியே கேட்டுவிட்டேன், "மாத்திரையைத் துப்புறியாடி?" அவள் திரும்பி வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு எடுத்தீங்க?" ராத்திரி மாத்திரையின் வேகம் விடிவதற்குள் அடங்கிவிடுமாம். அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோன் ஏறும் நேரமும் அதுதானாம். ஆன்ட்ரோஸ்டீன்டயோன் என்ற இன்னொரு ஹார்மோனும் வளர்ச்சியும் சரியாக இருக்கிறது என்று டோஸை மாற்றவே இல்லை.

மூணுவேளை:
4 வந்ததற்கா கேசரி? என் பையனுக்கு ஒருமுறை ஒன்றுக்கும் கீழே வந்தது. மற்ற குழந்தைகள் மாதிரியே ஆகிவிட்டது என்று நாங்களும் குதித்தோம். பள்ளி திறந்த அன்று பழைய கால்சட்டையைப் போட்டுப் பார்த்தால், மடித்துத் தைத்த விளிம்பைப் பிரிக்கவே வேண்டாம், நீளம் அப்படியே. இடுப்புப் பட்டன்தான் போட முடியவில்லை. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை அதிகமாகி, வளர்த்தி நின்று உடம்பு போட்டுவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த எண் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கணும்.

பழையலேப்காரன்:
மேலே சொன்னது பாதிதான் சரி. ஒரே எண்ணை வைத்து அதிகம் என்றோ குறைச்சல் என்றோ பேசவே கூடாது. என் பேரனுக்கு ஒரு லேபில் 10, இன்னொன்றில் 30. பதறினால், இரண்டும் ஒன்றுதான்! ஒன்று நானோகிராம் கணக்கு, மற்றது நானோமோல். மூன்றால் பெருக்கினால் போதும். அதனால் எப்போதும் ஒரே லேப், ஒரே நேரம். கடைசி மாத்திரை போட்ட மணியைச் சீட்டிலேயே எழுதுங்கள். எலும்பு வயதை மீறி முதிர்கிறதா என்று பார்க்க இடது கை எக்ஸ்ரே எடுங்கள். காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி டோஸை இரண்டு, மூன்று மடங்காக்குங்கள். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லையென்றால் ஹைட்ரோகார்டிசோன் ஊசிதான், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊசி மருந்தின் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.

மாமன்மகள்:
எங்களுக்கு எண்ணெல்லாம் அப்புறம்தான் தெரியும். பதினோராம் நாள், எங்கள் பையன் பிறந்த எடையைவிடக் குறைந்திருந்தான். "எல்லாக் குழந்தையும்தான் பால் கக்கும்" என்று ஓர் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் வேறு இடத்தில் ரத்தத்தில் சோடியம் 114, ஆபத்தான அளவுக்குக் குறைவு.

உப்புமூட்டை:
ஐயா, காய்ச்சலைப் பற்றி நான் கேட்கவே இல்லையே. ஆனாலும் ஊசித் தேதியைப் பார்த்தேன், போன மாதமே முடிந்திருக்கிறது. நாளைக்கு வாங்கிவிடுவேன்.

அப்புறம், ராத்திரி மாத்திரை போட்டதும் அவளே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள். நான் கேட்பதில்லை.