தேசியப் பிரார்த்தனை நாள்: அதிபரும் மேயரும் எதுவரை போகலாம்?

ஆற்றங்கரை:
அமெரிக்காவில் மே முதல் வியாழன் தேசியப் பிரார்த்தனை நாள். அரசையும் மதத்தையும் தனித்தனியாக வைத்திருக்கும் நாட்டில் அதிபரே இதை அறிவிப்பது எப்படிச் செல்லும்? 'முடியாது' என்று அவர் ஒதுங்க முடியுமா? ஒரு நகர மேயர் இதே மாதிரி அறிவித்தால் எங்கே மாட்டுவார்?

ஏட்டுக்கட்டு:
சட்டத்தின் வினைச்சொற்களைப் பாருங்கள். அதிபர் ஆண்டுதோறும் பிரகடனம் வெளியிட 'வேண்டும்'. மக்கள் கடவுளை நாட'லாம்'. ஆகக் கட்டாயம் அதிபருக்கு மட்டும்தான்.

1952-இல் வந்த முதல் சட்டம் 'ஞாயிறு தவிர ஏதாவது ஒரு நாள்' என்று தேதியை அதிபரிடமே விட்டது. ட்ரூமன் அந்த ஆண்டு ஜூலை 4-ஐ வைத்தார். 1988-இல் ரேகன் கையெழுத்திட்ட திருத்தம்தான் மே முதல் வியாழன் என்று நிலைநிறுத்தியது.

பிரகடனத்துக்கு மேல் சட்டம் எதையும் கேட்பதில்லை. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆண்டுதோறும் வெள்ளை மாளிகையில் கூட்டம் நடத்தினார். ஒபாமா 2009-இல் கையெழுத்தோடு நிறுத்திக்கொண்டார். இரண்டுமே சரி. பைடனின் 2021 பிரகடனத்தில் 'கடவுள்' என்ற சொல்லைக் காணோம் என்று சிலர் கொதித்தார்கள். ஆனால் எல்லாப் பிரகடனங்களிலும் வரும் 'நம் ஆண்டவரின் ஆண்டு' அதன் கடைசி வரியிலும் இருந்தது!

1952-க்கு முன் கட்டாயமே இல்லை. அதிபர் ஜெபர்சன் மறுத்தார், 1832 காலராவின்போது உபவாச நாள் கேட்டவர்களிடம் ஜாக்சனும் மறுத்தார். மேடிசன் 1812 போர்க்காலத்தில் பிரார்த்தனை நாள் அறிவித்தார், ஓய்வுபெற்ற பின் அத்தகைய அறிவிப்புகளுக்கு எதிராகவே எழுதினார். லிங்கன் 1863 ஏப்ரல் 30-ஐ உபவாச, பிரார்த்தனை நாளாக அறிவித்தது செனட் கேட்டுக்கொண்டதால்.

நாற்சந்தி:
2011-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் 'செல்லும்' என்று தீர்த்துவிட்டதே. மேயர் தாராளமாக அறிவிக்கலாம்.

கல்வெட்டு:
நாற்சந்தி, அப்படித் தீர்ப்பாகவில்லை. பலரும் இங்கேதான் தவறாகப் படிக்கிறார்கள். 2010 ஏப்ரலில் விஸ்கான்சினில் நீதிபதி பார்பரா கிராப், அந்தச் சட்டம் அரசமைப்புக்கு முரண் என்றார். மறு ஆண்டு 7-ஆவது வட்டாரத்துக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம், வழக்குப் போட்டவர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை, அதாவது அவர்கள் நேரடியாகப் பாதிக்கப்படவில்லை என்பது. நாள் சரியா தவறா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. கொலராடோ ஆளுநர்களின் பிரகடன வழக்கிலும் இதே கதை: 2012-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 'செல்லாது' என்றது, 2014-இல் மாநில உச்ச நீதிமன்றம் 'தகுதி இல்லை' என்று தள்ளியது.

மேயர் மாட்டுவது பெரும்பாலும் வரைவில். தனியார் பிரார்த்தனை அமைப்புகள் அந்த ஆண்டுக்கான கருப்பொருளும் பைபிள் வசனமும் கொடுக்கும். அதை அப்படியே நகலெடுத்து நகராட்சி லெட்டர்ஹெட்டில் போட்டால், ஒரு மதத்தின் அழைப்பு அரசின் குரலாகிவிடும். கொலராடோ சிக்கியது அதில்தான். வசனத்தை எடுத்துவிட்டு, 'விரும்புவோர் தத்தம் முறைப்படி' என்று எழுதினால் போதும். நகர்மன்றத் தீர்மானமாகவும் ஆக்க வேண்டாம், மேயரின் வழக்கமான கௌரவப் பிரகடனமே போதும்.

அடுத்த பள்ளம் சீருடை. 2014-இல் புளோரிடாவின் ஒகாலாவில் காவல்துறையே பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அழைத்தது. காவல்துறைக்காகச் சமயப் பணி செய்யும் போலீஸ் போதகர்கள் சீருடையில் மேடையேறினார்கள். வழக்கு எட்டு ஆண்டு தாண்டியும் இழுத்தது. கூட்டத்தைத் தனியார் நடத்தட்டும். நகராட்சிப் படிக்கட்டு வேண்டுமென்றால் மற்ற சங்கங்கள் நிரப்பும் அதே அனுமதிப் படிவம், அதே கட்டணம். ஊழியர் யார் வந்தார், வரவில்லை என்ற குறிப்பே எழக் கூடாது.

ஆற்றங்கரை:
நன்றி. நகர்மன்றக் கூட்டத்தைப் பிரார்த்தனையோடு தொடங்குவதும் இதே கணக்கா? கோயில் குருக்களை அழைக்கலாமா?

ஏட்டுக்கட்டு:
தாராளமாக. 2000 செப்டம்பரில் ஒஹையோவின் பார்மா கோயில் அர்ச்சகர் ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையிலேயே பிரார்த்தனை செய்தார். கணக்கு மட்டும் வேறு. நியூயார்க் மாநிலத்தின் கிரீஸ் நகர வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அனுமதித்தது. வாய்ப்புக் கொடுப்பதில் மதபேதம் பார்க்கக் கூடாது.

உறுப்பினர்களே ஓதினால் சிக்கல். 2017-இல் 4-ஆவது வட்டார நீதிமன்றம் வட கரோலினாவில் அதைத் தடுத்தது, அதே ஆண்டு 6-ஆவது வட்டாரம் மிச்சிகனில் அனுமதித்தது. எந்த மாநிலம் என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.