சென்னையில் தங்கை வீட்டுத் தெருவில் ‘மண்டபத்து மீன்’ மெஸ்: அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

மண்டபத்துக்காரன்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக நேற்றுக் காலை பெற்றோருடன் எழும்பூரில் வந்து இறங்கினேன். வேளச்சேரியில் தங்கை வீட்டில் பத்து நாள் தங்க வேண்டியிருக்கிறது. தங்கையும் மாப்பிள்ளையும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால், மதியச் சாப்பாட்டுக்குச் சில நாளாவது வெளியே போகத்தான் வேண்டும். தெரு முனையில் எட்டு மேசை போட்ட சிறிய மெஸ் ஒன்று இருக்கிறது. ‘தினமும் மண்டபத்து மீன், முண்டு மிளகாய்க் குழம்பு’ என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். மண்டபம், ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள எங்கள் கடலோர ஊர்; உருண்டையான முண்டு மிளகாயும் எங்கள் பக்கத்துச் சரக்குதான்.

அந்தப் பலகைதான் எனக்கு உறுத்துகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன. ஊரிலேயே நல்ல மீனுக்கு நாட்டுப்படகு கரைக்கு வரும் நேரம் பார்த்துக் காத்திருக்கும் இந்த மே மாதத்தில், 500 கிலோமீட்டருக்கு அப்பால் தினமும் மண்டபத்து மீன் எங்கிருந்து வரும்? இணையத்தில் நான்கு நட்சத்திரத்துக்கு மேல் மதிப்பெண் இருக்கிறது. ஆனால் எழுதியவர்களில் பாதிப் பேர் பிரியாணியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அப்பா நாற்பது ஆண்டு கடலில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். சாப்பிடும் மீனின் ருசி பிடிக்கவில்லை என்றால் வாய் திறந்து சொல்ல மாட்டார், இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். அம்மாவுக்கு வேறு பயம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஓர் உணவகத்தில் சூரை மீன் வறுவல் சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள் அவருக்கு முகம் சிவந்து, கழுத்தெல்லாம் தடித்து, மருத்துவமனைக்கு ஓட வேண்டியதாயிற்று. உள்ளே போய் உட்காருவதற்கு முன் எதைப் பார்த்து முடிவு செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா

தம்பிக்கு வணக்கம். சென்னை மண்ணடியில் ஓர் உணவகத்தில் பன்னிரண்டு ஆண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பலகையில் இருக்கும் இரண்டு செய்திகளையும் பிரித்துப் பாருங்கள். முண்டு மிளகாய் காய்ந்த சரக்கு. மூட்டையில் கட்டி எந்த ஊருக்கும் அனுப்பலாம், மாதக்கணக்கில் கெடாது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதன் பெயரைப் பலகையில் போட்டுக்கொள்வதில் கடைக்காரர்களுக்கு ஒரு பெருமையும் வந்திருக்கிறது. ஆகவே குழம்பு நம் ஊர்க் குழம்பாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மீன் அப்படியில்லை. சென்னையில் சிறிய கடைகள் பெரும்பாலும் காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ விடியற்காலையில் எடுத்து வருகின்றன. தடைக்காலத்தில் மேற்குக் கரைப் படகுகள் கடலில் இருப்பதால் கேரளத்து மீன் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஐஸ் குறையாமல் வந்த கேரளத்து மீன், வெயிலில் கிடந்த மண்டபத்து மீனைவிட மேலானது என்பதை உங்கள் அப்பாவே ஒப்புக்கொள்வார்.

எனவே கடை பொய் சொல்கிறதா என்று ஆராய்வதைவிட, கேட்டால் உண்மையைச் சொல்கிறதா என்று பாருங்கள். பரிமாறும் பையனிடம் ‘இன்றைக்கு என்ன மீன் இல்லை?’ என்று கேளுங்கள். அட்டையில் உள்ள பதினைந்து வகையும் இருக்கிறது என்று இந்தத் தடைக்காலத்தில் ஒருவர் சொன்னால் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடலாம். இரண்டு பெயரைச் சொல்லி, மற்றவை வரவில்லை என்றால் உட்காருங்கள். சுறாப்புட்டு இருந்தால் ஒரு கரண்டி வாங்கி முகர்ந்து பாருங்கள். சுறாவும் திருக்கையும் பழசானால் அம்மோனியா நெடி அடிக்கும். எவ்வளவு பூண்டு போட்டாலும் அதை மறைக்க முடியாது.

ஒரு சிறிய எச்சரிக்கை. நம் பக்கத்தில் சீலா என்றால் சென்னைக்காரர்களின் வஞ்சிரம். இங்கே ஷீலா என்று கேட்டால் நம் ஊளி மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் வந்த புதிதில் கடைக்காரரோடு இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன்.

தங்கச்சிமடம் செவிலி

அண்ணன், அம்மாவுக்கு நேர்ந்தது பெரும்பாலும் ஹிஸ்டமின் நச்சாக இருக்கும் என்று தோன்றுகிறது. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காமல் விட்டால், பாக்டீரியாக்களால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகிறது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது அழியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் முதல் வாயில் மிளகைக் கடித்ததுபோல் நாக்கு சுறுசுறுவென்று இருந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அம்மாவுக்கு மீனே ஒவ்வாது என்று ஒதுக்கிவிடாமல், மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அதுவரை வெளியிடத்தில் அந்த மூன்று மீன்களையும் தவிர்த்து சங்கரா, கொடுவா போன்றவற்றைக் கேட்கலாம்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் கல்லாவுக்கு அருகில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், பில்லிலும் இருக்க வேண்டும். வறுவல் சட்டி வாசலுக்கு அருகில் இருந்தால் எண்ணெயையும் பாருங்கள். கறுத்து, கெட்டியாகி, விளிம்பில் நுரை அடங்காமல் நின்றால் அது பல நாள் எண்ணெய்; அன்றைக்குக் குழம்பு மீனோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தொண்டி வாசகன்

இவ்வளவு விசாரணை தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சாப்பாட்டைப் பார்சல் வாங்கி வந்து வீட்டில் வைத்து நீங்கள் ஒருவர் முதலில் சாப்பிட்டுப் பாருங்கள். குழம்பு சரியில்லை என்றால் நட்டம் ஒரு சாப்பாட்டோடு போயிற்று. கண் அறுவைச் சிகிச்சை முடிந்த மனிதரை வெயிலிலும் புகையிலும் கூட்டிக்கொண்டு போவதற்கும் அது மேல். காக்கா சொன்ன கேள்வியை மட்டும் பார்சல் வாங்கும்போது மறக்காமல் கேளுங்கள்.

மண்டபத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இன்று பன்னிரண்டரை மணிக்கு நான் மட்டும் போய் வந்தேன். காக்கா சொன்ன கேள்வியைக் கேட்டதும் அந்தப் பையன் சிரித்துவிட்டு, ‘வஞ்சிரம் இல்லைங்க, நண்டு இல்லைங்க, சங்கராவும் நெத்திலியும்தான், அயிலை இருக்கு, ஆனா அது கேரளாவிலிருந்து வந்தது’ என்றான். பலகையைக் காட்டி, பின்னே இது என்ன என்று கேட்டேன். முதலாளிக்குச் சொந்த ஊர் உச்சிப்புளி, அதனால் எழுதியிருக்கிறார்கள் என்றான். உச்சிப்புளிக்காரர் மண்டபம் என்று எழுதிக்கொள்வது பெரிய பொய் இல்லை என்று விட்டுவிட்டேன்.

உரிம எண் சுவரில் இருந்தது. சங்கராவின் சதை முள்ளிலிருந்து இதழ் இதழாகக் கழன்றது, குழைந்து போகவில்லை. குழம்பில் புளி சற்றுத் தூக்கல். மிளகாய் நம் மிளகாய்தான், தொண்டையில் எரியாமல் நாக்கிலேயே நின்றது. எண்ணெய்ச் சட்டி உள்ளே இருந்ததால் பார்க்க முடியவில்லை, ஆகவே வறுவல் வாங்கவில்லை.

அறுவைச் சிகிச்சை திங்கட்கிழமை என்பதால் அதற்கு முன், நாளை மறுநாள், கூட்டம் சேருவதற்குள் இருவரையும் அழைத்துப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அதன் பிறகு தொண்டிக்காரர் சொன்னபடி பார்சல்தான். அம்மா சங்கரா என்றால் சரி என்று சொல்லிவிட்டார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழம்பில் தலை போடுகிறார்களா என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்காமல் வந்துவிட்டேன். சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்துபோய்க் கேட்டுவிட்டு வர வேண்டும்.